டெபியன் லினக்ஸின் ஆப்ட் பொதி மேலாளர்: அமைவடிவக் கோப்புகளின் கட்டமைப்பும் நம்பிக்கை வரையறையும்

ஆய்வுச்சுருக்கம்

லினக்ஸ் இயங்குதளத்தில் மென்பொருள்களை நிறுவுதல், புதுப்பித்தல், நீக்குதல் ஆகிய பணிகளைப் பொதி மேலாளர் என்னும் நிரல் மேற்கொள்கிறது. பொதிகளை எங்கிருந்து பெற வேண்டும், எவருடைய கையொப்பத்தை ஏற்க வேண்டும், பல பதிப்புகளுள் எதனைத் தெரிவு செய்ய வேண்டும் என்பவற்றை எளிய உரைக்கோப்புகள் சிலவே தீர்மானிக்கின்றன. டெபியன் வழங்கலின் ஆப்ட், டிபிகேஜி ஆகிய நிரல்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அக்கோப்புகளின் அமைப்பையும் அவை படிக்கப்படும் முறையையும், அவற்றில் நேரும் பிழைகள் கணினியின் பாதுகாப்பைப் பாதிக்கும் வகையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: லினக்ஸ், டெபியன், பொதி மேலாளர், அமைவடிவக் கோப்பு, களஞ்சியம், இலக்கமுறைக் கையொப்பம், முன்னுரிமை எண்.

1. முன்னுரை

டெபியன் திட்டத்தை இயான் மர்டாக் 1993ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் அறிவித்தார். அதன் அடிப்படைப் பொதி நிரல் டிபிகேஜி ஆகும். தன்னிடம் தரப்படும் பொதிக்கோப்பை விரித்து நிறுவுவது அதன் பணி. ஒரு பொதி இயங்குவதற்குத் தேவையான பிற பொதிகளைத் தேடிக் கொணரும் ஆற்றல் அதற்கில்லை. அக்குறையை நிறைவு செய்யும் பொருட்டு உருவான ஆப்ட், 1999இல் வெளியான டெபியன் 2.1 பதிப்பில் இடம்பெற்றது. உபுண்டுவும், இந்தியாவில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனிலிருந்து கிளைத்தவை. ஆதலால் இங்குக் கூறப்படும் அடிப்படைகள் அவற்றுக்கும் பெரிதும் பொருந்தும்.

பொதி என்பது நிரல்கள், ஆவணங்கள், நிறுவும்போது இயங்கும் குறுநிரல்கள் ஆகியவற்றை ஒன்றாகக் கட்டிய கோப்பாகும். அக்குறுநிரல்கள் ‘ரூட்’ எனப்படும் முழு அதிகாரத்துடன் இயங்குகின்றன. எனவே ஒரு களஞ்சியத்தின் முகவரியை அமைவடிவக் கோப்பில் சேர்ப்பவர், அக்களஞ்சியத்தை நடத்துவோரிடம் தம் கணினியின் முழுக் கட்டுப்பாட்டையும் ஒப்படைக்கிறார். ஒரேயொரு வரியின் பின்னே இத்துணைப் பெரிய ஒப்படைப்பு நிகழ்வதே இக்கோப்புகளை நுணுகி நோக்க வேண்டியதன் காரணமாகும்.

கோப்புப் பெயர்களும் கட்டளைகளும் இக்கட்டுரையில் தமிழ் ஒலிபெயர்ப்பில் தரப்படுகின்றன. கணினியில் அவை ஆங்கில எழுத்துகளிலேயே அமைந்திருக்கும்.

2. மூலப் பட்டியல்

ஆப்ட்டின் அமைவடிவக் கோப்புகள் ‘/இடிசி/ஆப்ட்’ என்னும் அடைவில் உள்ளன. அவற்றுள் முதன்மையானது ‘சோர்சஸ்.லிஸ்ட்’ என்னும் மூலப் பட்டியலாகும். அதன் மரபான வரி நான்கு உறுப்புகளைக் கொண்டது: ‘டெப் எச்டிடிபி://டெப்.டெபியன்.ஆர்க்/டெபியன் புக்வோர்ம் மெயின்’. முதலாவது பொதியின் வகை. இயங்கு பொதிக்கு ‘டெப்’ என்றும் மூல நிரலுக்கு ‘டெப்-சோர்ஸ்’ என்பதன் சுருக்கமும் எழுதப்படும். இரண்டாவது களஞ்சியத்தின் முகவரி, மூன்றாவது வெளியீட்டின் பெயர், நான்காவது அவ்வெளியீட்டின் உட்பிரிவு.

மூன்றாம் உறுப்பில் ‘புக்வோர்ம்’ போன்ற குறிப்பெயரையோ ‘ஸ்டேபிள்’ என்னும் நிலைப்பெயரையோ எழுதலாம். குறிப்பெயர் என்றும் ஒரே வெளியீட்டையே சுட்டும். நிலைப்பெயரோ அவ்வப்போது நிலைத்த வெளியீடாக உள்ளதைச் சுட்டுவதால், புதிய வெளியீடு வரும் நாளில் அதன் பொருள் மாறிவிடும். அத்தகைய மாற்றம் நேர்ந்தால் அண்மைய ஆப்ட் பதிப்புகள் நிர்வாகியின் வெளிப்படையான ஒப்புதலைக் கோருகின்றன. ஆயினும் பணியில் உள்ள வழங்கிகளில் குறிப்பெயரை எழுதுவதே தக்கதாகும்.

குறிப்பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று கருதுவதும் தவறாகலாம். டெபியன் 10 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்கான வெளியீட்டுப் பெயர் ‘பஸ்டர்/அப்டேட்ஸ்’ என்னும் வடிவில் இருந்தது. 2021இல் வெளியான டெபியன் 11இல் அது ‘புல்ஸ்ஐ-செக்யூரிட்டி’ என மாறியது. பழைய வடிவிலேயே பெயரை மட்டும் மாற்றி எழுதியவர்களுக்குப் பிழைச் செய்தி தோன்றும். அச்செய்தியை ஒழிப்பதற்காக அவ்வரியையே நீக்கிவிட்டால் செய்தியும் மறையும், பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் நின்றுவிடும். பாதுகாப்பு வரி இல்லாத மூலப் பட்டியலை ஆப்ட் பிழையெனக் கருதுவதில்லை. கணினி நலமாக இயங்குவது போலவே தோன்றும்.

ஒற்றை வரி வடிவத்திற்கு மாற்றாக ‘டெப்822’ என்னும் வடிவம் இன்று பரவி வருகிறது. மின்னஞ்சல் தலைப்புகளின் அமைப்பை வரையறுத்த 1982ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 822 என்னும் ஆவணத்திலிருந்து இப்பெயர் பெறப்பட்டது. ‘டைப்ஸ்’, ‘யூஆர்ஐஸ்’, ‘சூட்ஸ்’, ‘காம்பொனன்ட்ஸ்’, ‘சைன்ட்-பை’ என ஒவ்வொரு புலமும் தனி வரியில் பெயருடன் எழுதப்படும். ‘எனேபிள்டு: நோ’ எனச் சேர்த்தால் அப்பதிவு முழுவதும் செயலற்றதாகும். இக்கோப்புகள் ‘சோர்சஸ்.லிஸ்ட்.டி’ என்னும் அடைவில் ‘.சோர்சஸ்’ என்னும் பின்னொட்டுடன் வைக்கப்படுகின்றன. உபுண்டு 24.04 இவ்வடிவத்தை இயல்பிருப்பாகக் கொண்டுள்ளது. ஆப்ட் 3.0 பழைய பட்டியலைப் புதிய வடிவத்திற்கு மாற்றும் கட்டளையையும் தருகிறது.

3. கையொப்பமும் திறவியும்

களஞ்சியத்திலிருந்து வரும் பொதி இடைவழியில் மாற்றப்படவில்லை என்பதை ஆப்ட் ஒரு சங்கிலித் தொடரால் உறுதி செய்கிறது. களஞ்சியத்தின் ‘ரிலீஸ்’ கோப்பு இலக்கமுறைக் கையொப்பம் இடப்பட்டது. அதனுள் பொதிப் பட்டியல்களின் ஹாஷ் மதிப்புகளும், பொதிப் பட்டியலுள் ஒவ்வொரு பொதியின் ஹாஷ் மதிப்பும் உள்ளன. முதற்கண்ணியாகிய கையொப்பம் சரியானால் ஏனையவை அதன் வழி உறுதிப்படும். இதனாலேயே பாதுகாப்பற்ற எச்டிடிபி வழியிலும் டெபியன் பொதிகளை வழங்க முடிகிறது. ‘டிரஸ்டட்=யெஸ்’ என்னும் குறிப்பை மூல வரியில் சேர்த்தால் இச்சங்கிலி அறுபட்டுவிடும்.

எந்தத் திறவியைக் கொண்டு கையொப்பத்தைச் சரிபார்ப்பது என்பது அடுத்த வினா. ‘டிரஸ்டட்.ஜிபிஜி.டி’ அடைவில் வைக்கப்படும் திறவி, தனக்கெனத் திறவி குறிக்கப்படாத எல்லாக் களஞ்சியங்களுக்கும் செல்லும். ஒரு சிறு மென்பொருளுக்காகச் சேர்த்த வெளியாரின் திறவி, டெபியனின் களஞ்சியத்திற்கே சான்று கூறும் தகுதியைப் பெற்றுவிடும் என்பது இதன் பொருள். பழைய ‘ஆப்ட்-கீ’ கட்டளை திறவிகளை இவ்வாறு பொதுவில் சேர்த்ததால் கைவிடப்பட்டது. ‘சைன்ட்-பை’ புலம் இக்குறையைக் களைகிறது. இக்களஞ்சியத்திற்கு இத்திறவி மட்டுமே செல்லும் என அது வரையறுக்கிறது.

எனினும் ‘சைன்ட்-பை’ மட்டும் முழுப் பாதுகாப்பாகாது. வெளிக் களஞ்சியம் தன் சொந்தக் கையொப்பத்துடனேயே, டெபியனில் உள்ள ஒரு பொதியின் பெயரில் உயர்ந்த பதிப்பெண் கொண்ட பொதியை வழங்கலாம். ஆப்ட் அதனையே தெரிவு செய்யும். அதனைத் தடுக்கும் இடம் அடுத்த பகுதியில் காணும் முன்னுரிமைக் கோப்பாகும்.

அமைவடிவம் நேரடிக் காப்பாக நின்ற நிகழ்வு ஒன்றும் உண்டு. 2019 ஜனவரியில் மேக்ஸ் ஜஸ்டிச் என்னும் ஆய்வாளர், ஆப்ட் எச்டிடிபி வழிமாற்றங்களைக் கையாளும் முறையில் ஒரு குறையைக் கண்டறிந்தார். இடைவழியில் இருப்பவர் அதனைப் பயன்படுத்திப் போலிப் பொதியை முழு அதிகாரத்துடன் நிறுவச் செய்ய இயலும். குறையைச் சரிசெய்யும் புதிய ஆப்ட் பொதியையும் குறையுள்ள ஆப்ட் வழியாகவே பெற வேண்டியிருந்தது. ஆகவே அப்புதுப்பிப்பின்போது ‘அக்வயர்::எச்டிடிபி::அலவ்ரீடைரக்ட்’ என்னும் அமைவை ‘ஃபால்ஸ்’ எனக் கட்டளை வரியில் குறிப்பிட்டு வழிமாற்றத்தை முடக்குமாறு டெபியன் அறிவுறுத்தியது.

4. முன்னுரிமை எண்கள்

ஒரே பொதியின் பல பதிப்புகள் கிடைக்கும்போது ஆப்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை எண்ணை அளிக்கிறது. எண் உயர்ந்தது தெரிவு செய்யப்படும். எண்கள் சமமாயின் பதிப்பு உயர்ந்தது தெரிவு செய்யப்படும். வேறு குறிப்பு இல்லாவிடில் களஞ்சியப் பதிப்புக்கு 500, இலக்கு வெளியீடாகக் குறிக்கப்பட்டதற்கு 990, கணினியில் ஏற்கெனவே உள்ள பதிப்புக்கு 100 என இயல்பிருப்பு அமையும். ‘பேக்போர்ட்ஸ்’ களஞ்சியம் 100 பெறும்; ‘எக்ஸ்பெரிமென்டல்’ 1 பெறும். இவற்றை ‘பிரிஃபரன்சஸ்’ கோப்பிலோ ‘பிரிஃபரன்சஸ்.டி’ அடைவிலோ மாற்றலாம்.

புக்வோர்ம் இயங்கும் கணினியில், ஒரு பொதியைப் பெறும் பொருட்டு நிர்வாகி ‘டிரிக்ஸி’ வெளியீட்டின் வரியைச் சேர்க்கிறார் எனக் கொள்வோம். இரண்டுக்கும் எண் 500. டிரிக்ஸியின் பதிப்புகளே பெரும்பாலும் உயர்ந்தவை. அடுத்த மேம்படுத்தலில் அடிப்படை நூலகங்கள் உட்படப் பெருந்தொகைப் பொதிகள் டிரிக்ஸிக்கு மாறத் தொடங்கும். பதிப்பிறக்கத்தை டெபியன் ஆதரிப்பதில்லையாதலால் பழைய நிலைக்கு மீள்வது கடினம். இவ்வாறு கலந்துபோன கணினியை டெபியன் விக்கி ‘ஃபிராங்கன்டெபியன்’ என்று குறிப்பிடுகிறது.

இதனைத் தவிர்க்க மூன்று வரிகள் போதும்: ‘பேக்கேஜ்: *’, ‘பின்: ரிலீஸ் என்=டிரிக்ஸி’, ‘பின்-பிரையாரிட்டி: 100’. இப்போது புக்வோர்மின் 500 மேலோங்கும். நிர்வாகி பெயர் சொல்லிக் கேட்ட பொதி மட்டும் டிரிக்ஸியிலிருந்து வரும். அப்பொதிக்குப் பின்னர் டிரிக்ஸியில் புதுப்பிப்பு வந்தால் அதுவும் நிறுவப்படும். ஏனெனில் புக்வோர்மின் பதிப்பு பதிப்பிறக்கமாவதால் விலக்கப்படுகிறது. நிறுவப்பட்டதற்கும் புதியதற்கும் எண் 100 சமமாதலால் பதிப்பு உயர்ந்தது வெல்கிறது. எண்ணை 50 என எழுதியிருந்தால் நிறுவப்பட்ட பதிப்பின் 100 மேலோங்கி, பாதுகாப்புத் திருத்தம் வந்தாலும் அப்பொதி பழையதாகவே நின்றுவிடும். எண் 1000 அல்லது அதற்கு மேலானால் பதிப்பிறக்கமும் நிகழும். எதிர்ம எண் நிறுவுதலையே தடுக்கும். 0 என்னும் எண்ணுக்கு வரையறுத்த பொருள் இல்லை.

எழுதிய விதி எவ்வாறு செயற்படுகிறது என்பதை ‘ஆப்ட்-கேஷ் பாலிசி’ என்னும் கட்டளையுடன் பொதியின் பெயரைச் சேர்த்து இயக்கி அறியலாம்.

5. படிக்கப்படும் வரிசை

ஆப்ட்டின் பொது நடத்தையை ‘ஆப்ட்.கான்ஃப்.டி’ அடைவிலுள்ள கோப்புகள் வரையறுக்கின்றன. முதலில் ‘ஆப்ட்_கான்ஃபிக்’ என்னும் சூழல் மாறி சுட்டும் கோப்பும், பின்னர் இவ்வடைவின் கோப்புகளும், அதன்பின் ‘ஆப்ட்.கான்ஃப்’ கோப்பும், இறுதியில் கட்டளை வரியும் படிக்கப்படுகின்றன. ஒற்றை மதிப்புடைய அமைவாயின் பின்னர்ப் படிக்கப்படுவதே நிலைக்கும். இங்கு மூன்று நுட்பங்கள் கருதத்தக்கன.

முதலாவது, வரிசை எண்மதிப்பால் அன்றி எழுத்து வரிசையால் அமைகிறது. ‘100லோக்கல்’ என்னும் கோப்பு ‘50அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்’ கோப்புக்கு முன்னரே படிக்கப்பட்டுவிடும். இரண்டாவது, பின்னொட்டு இல்லாத கோப்புகளும் ‘.கான்ஃப்’ பின்னொட்டுடையனவும் மட்டுமே ஏற்கப்படும். ஏனையவற்றை ஆப்ட் ஒரு குறிப்புடன் புறக்கணிக்கும், ‘.பேக்’, ‘.சேவ்’ போன்ற பின்னொட்டுகளாயின் குறிப்பின்றியே புறக்கணிக்கும். மூன்றாவது, பட்டியல் வகை அமைவுகள் மேலெழுதப்படுவதில்லை, சேர்க்கப்படுகின்றன. தானியங்கிப் புதுப்பிப்புக்குரிய மூலங்களைச் சுருக்க விரும்பி ஒருவர் புதிய கோப்பில் குறுகிய பட்டியலை எழுதினால், பழைய பட்டியலும் உடன் நீடிக்கும். முதலில் ‘#கிளியர்’ என்னும் ஆணையால் பழையதை அழித்தல் வேண்டும். எல்லாக் கோப்புகளும் இணைந்த இறுதி வடிவத்தை ‘ஆப்ட்-கான்ஃபிக் டம்ப்’ கட்டளை காட்டும்.

6. நிர்வாகியின் திருத்தமும் பொதியின் திருத்தமும்

இதுவரை கண்டவை பொதி மேலாளரின் சொந்தக் கோப்புகள். பொதிகளுடன் வரும் அமைவடிவக் கோப்புகளை மேம்படுத்தலின்போது காப்பது டிபிகேஜியின் பொறுப்பாகும். நிர்வாகியின் திருத்தங்கள் காக்கப்பட வேண்டும் என டெபியன் கொள்கைக் கையேடு விதிக்கிறது. இதன்பொருட்டு டிபிகேஜி மூன்று வடிவங்களை ஒப்பிடுகிறது: பழைய பொதியில் வந்தது, கணினியில் இப்போது உள்ளது, புதிய பொதியில் வருவது.

நிர்வாகி திருத்தாமல் பொதி மட்டும் மாறியிருந்தால் புதியது கேள்வியின்றி அமர்த்தப்படும். நிர்வாகி மட்டும் திருத்தியிருந்தால் அவர் வடிவம் கேள்வியின்றி நிலைக்கும். இரு தரப்பும் மாறியிருந்தால் மட்டுமே டிபிகேஜி வினவும். அவ்வினாவுக்கு இயல்பிருப்பு விடை நிர்வாகியின் வடிவத்தைக் காப்பதே. நிர்வாகி நீக்கிவிட்ட கோப்பையும் அது தானாக மீட்டு வைப்பதில்லை. காக்கப்பட்ட கோப்பின் அருகில் பொதியின் புதிய வடிவம் ‘.டிபிகேஜி-டிஸ்ட்’ என்னும் பின்னொட்டுடன் வைக்கப்படும்.

வினவுவார் இல்லாத இரவு நேரத் தானியங்கிப் புதுப்பிப்பில் இவ்வேற்பாடு ஓர் இடர்ப்பாட்டைத் தோற்றுவிக்கிறது. விடை எவ்வாறு அமைய வேண்டும் என முன்கூட்டியே குறிக்கப்படாவிடில், ‘அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்’ நிரல் வினா எழும் பொதியை நிறுவாமல் நிறுத்தி வைக்கும். நிர்வாகி முன்னெப்போதோ திருத்திய ஒரு வரி, இன்றைய பாதுகாப்புத் திருத்தத்தைத் தடுத்து நிற்கக் கூடும். ‘ஃபோர்ஸ்-கான்ஃப்ஓல்டு’ என்னும் தெரிவைக் குறித்துப் பழையதையே காக்கச் செய்தால் பொதி நிறுவப்படும். ஆனால் புதிய அமைவடிவத்தில் வந்த பாதுகாப்பான இயல்பிருப்புகள் ‘.டிபிகேஜி-டிஸ்ட்’ கோப்பிலேயே பயனின்றித் தங்கிவிடும்.

இதற்குரிய தீர்வு ‘.டி’ அடைவுகளில் உள்ளது. பொதி தந்த கோப்பைத் தொடாமல், நிர்வாகி தம் மாற்றங்களை அதே அடைவில் தனிக்கோப்பாக எழுதினால் இரு தரப்பும் ஒரே கோப்பில் மோதுவதில்லை. பொதியின் கோப்பு தடையின்றிப் புதுப்பிக்கப்படும். நிர்வாகியின் கோப்பு தொடர்ந்து நிலைக்கும்.

7. முடிவுரை

ஆப்ட்டின் அமைவடிவக் கோப்புகள் மூன்று வினாக்களுக்கு விடை கூறுகின்றன: எவரை நம்புவது, எதனைத் தெரிவு செய்வது, எவருடைய திருத்தம் நிலைப்பது. இவ்விடைகளில் நேரும் பிழைகளுள் கேடு மிக்கவை பிழைச் செய்தியின்றி நிகழ்பவை ஆகும். நீக்கப்பட்ட பாதுகாப்பு வரி, குறைத்து எழுதிய முன்னுரிமை எண், பின்னொட்டால் புறக்கணிக்கப்பட்ட கோப்பு ஆகியவை அத்தகையன. களஞ்சியம் ஒவ்வொன்றுக்கும் தனித் திறவியைக் குறித்தல், வெளிக் களஞ்சியங்களின் முன்னுரிமையைத் தாழ்த்துதல், உள்ளூர் மாற்றங்களைத் தனிக்கோப்பில் எழுதுதல், ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் ‘பாலிசி’, ‘டம்ப்’ கட்டளைகளால் சரிபார்த்தல் ஆகிய நான்கும் அப்பிழைகளைப் பெரிதும் தவிர்க்கும். கோப்பில் எழுதியிருப்பதும் ஆப்ட் புரிந்துகொண்டிருப்பதும் ஒன்றே எனக் கொள்ளாமல் சோதித்து அறிதலே நிர்வாகியின் முதற்கடமையாகும்.