ஜல்லியை இறுக்கும் இயந்திரம்

கீழ்பென்னாத்தூரில் ரயில் நிலையம் இல்லை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குத் திட்டமிட்ட புதிய பாதை இன்னும் முடிந்தபாடில்லை. ரயிலேற வேண்டுமானால் பஸ் பிடித்துத் திருவண்ணாமலைக்குத்தான் போக வேண்டும். அங்கே போய் இறங்கிய பிறகு, “தண்டவாளப் பராமரிப்பு, இன்று வண்டி ரத்து” என்று கேட்டால் யாருக்கும் கோபம் வரும். அந்தப் பராமரிப்பில் அப்படி என்னதான் நடக்கிறது?

அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரம் 1,676 மில்லிமீட்டர். அவற்றைத் தாங்குபவை கான்கிரீட் ஸ்லீப்பர்கள். கிலோமீட்டருக்குச் சுமார் 1,660. ஸ்லீப்பர்களைத் தாங்குவது கருங்கல் ஜல்லி. வண்டியின் பாரத்தை மண்ணுக்குப் பரப்பித் தருவதும், மழைநீரை வடியவிடுவதும், பாதை பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்வதும் அதன் வேலை. வண்டிகள் ஓட ஓட, ஜல்லி உரசி நொறுங்குகிறது. ஸ்லீப்பருக்கு அடியில் குழி விழுகிறது. பாதை அங்கங்கே தாழ்கிறது.

அதைச் சரிசெய்யத்தான் டாம்பிங் மெஷின் வருகிறது. மஞ்சள் நிறத்தில் பெட்டிபோல் இருக்கும் இந்த வண்டி, முதலில் தண்டவாளத்தைப் பற்றி ஸ்லீப்பரோடு தூக்கி, வேண்டிய மட்டத்தில் நிறுத்துகிறது. பிறகு அதன் இரும்புக் கோல்கள் ஸ்லீப்பரின் இருபுறமும் ஜல்லிக்குள் இறங்குகின்றன. நொடிக்குச் சுமார் 35 முறை அதிர்ந்தபடியே ஒன்றையொன்று நோக்கி நெருங்கி, ஜல்லியை ஸ்லீப்பருக்கு அடியில் தள்ளி இறுக்குகின்றன. படியைத் தட்டித் தட்டி அளந்தால் அரிசி இடைவெளியில்லாமல் அமர்கிறதே, அதே தத்துவம்தான். வேலை முடிந்ததும் கோல்கள் மேலேறும்; வண்டி அடுத்த ஸ்லீப்பருக்கு நகரும்.

நினைத்த நேரத்தில் இதைச் செய்துவிட முடியாது. பற்றவைத்து நீளமாக்கிய தண்டவாளம் வெயிலில் விரிய முயல்கிறது. கட்டுப்பாடில்லாமல் விட்டால், 10 டிகிரி சூடு ஏறினாலே ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 11 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். அதை நெளியவிடாமல் அடக்கி வைத்திருப்பதில் ஜல்லியின் பிடிக்குப் பெரும் பங்குண்டு. டாம்பிங் முடிந்த கையோடு அந்தப் பிடி சற்றுத் தளர்ந்திருக்கும். ஆகவே தண்டவாளச் சூடு வரம்பைத் தாண்டினால் வேலை நிறுத்தப்படும். முடிந்த இடத்திலும் ஜல்லி மறுபடி இறுகும்வரை வண்டிகள் மெதுவாகவே போகும்.

திருவண்ணாமலை வழியாகச் செல்லும் விழுப்புரம்–காட்பாடி தடம் ஒற்றைப் பாதை. இயந்திரம் நின்று வேலை செய்யும் இடத்தைத் தாண்டிப் போக வேறு தண்டவாளம் கிடையாது. வேலைக்காகப் பாதையைச் சில மணி நேரம் மூடினால் (இதுதான் ‘லைன் பிளாக்’) இருபக்க வண்டிகளும் காத்திருக்கத்தான் வேண்டும். நேரம் தராமல் வேலையைத் தள்ளிப்போட்டால், தாழ்ந்த இடம் மேலும் தாழ்ந்து, தினமும் வேகக் கட்டுப்பாடும் தாமதமும் வந்து சேரும். முற்றினால் வண்டி தடம்புரளும் அபாயமே உண்டு.

ஆகவே பராமரிப்புக்கு நேரம் கொடுத்தே ஆக வேண்டும். பயணிகளும் அந்த நேரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எந்த நாள், எத்தனை மணி என்ற விவரம் திருவண்ணாமலை நிலையத்தின் ஒலிபெருக்கியோடு நின்றுவிடக் கூடாது. கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறுவதற்கு முன்பே மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.