இரண்டாவது டிரெய்லர்: இழுத்தால் மட்டும் போதாது

வெட்டிய கரும்பு வயலில் காயக் காய எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். ஆகவே வெட்டிய 24 மணி நேரத்துக்குள் கரும்பை அரவைக்குச் சேர்ப்பது நலம் என்பதை உழவர்கள் நன்கு அறிவர். வெட்டு உத்தரவு வந்த நாளில் வண்டி கிடைப்பதோ அரிது. கிடைத்த ஒரே டிராக்டரில் இரண்டு டிரெய்லர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டி ஆலைக்கு ஓட்டும் வழக்கம் இப்படித்தான் வந்தது. மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களில் இது பெருவழக்கு. தமிழ்நாட்டின் கரும்புப் பகுதிகளிலும் இதனைக் காணலாம்.

இரண்டு நடை ஒரு நடையாகிறது. டீசலும் ஆள்கூலியும் மிச்சமாகின்றன. இந்த ஆதாயம் உண்மையே. "என் வண்டி இரண்டையும் சிரமமில்லாமல் இழுக்கிறதே, பிறகென்ன?" என்று ஓட்டுநர்கள் சொல்வதும் உண்மையே. ஆனால் டிராக்டர் இழுக்குமா என்பது மட்டும் கேள்வி அல்ல. இழுத்த பாரத்தை அதனால் நிறுத்த முடியுமா என்பதே முதற் கேள்வி.

நிறுத்தும் கணக்கு

கீழ்க் கியரில் டிராக்டரின் இழுவிசை பன்மடங்காகிறது. ஆகவே மெதுவாகவேனும் பெரும் பாரத்தை அது நகர்த்திவிடும். பிரேக்குக்கு அத்தகைய வசதி கிடையாது. பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்கள் இரண்டில் மட்டுமே பிடிக்கிறது. அந்தச் சக்கரங்கள் தரையை எவ்வளவு பற்றுகின்றனவோ அவ்வளவுதான் நிறுத்தும் சக்தி. நம் டிரெய்லர்களில் பலவற்றுக்குத் தனிப் பிரேக்கே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். டிராக்டரின் எடை 2 டன்; அதில் 1.3 டன் பின்சக்கரங்களின்மேல் நிற்கிறது. காய்ந்த தார்ச்சாலையில் இந்தச் சக்கரங்களின் பிடிப்பு சுமார் 0.8 டன். கரும்பு ஏற்றிய டிரெய்லர் ஒவ்வொன்றும் 6 டன் எனவும், அவற்றின் பாரம் டிராக்டரின்மேல் சாயவில்லை எனவும் கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், சமதரையில் பிரேக் போட்டால்:

டிராக்டர் தனியே சென்றால் சுமார் 4 மீட்டரில் நிற்கும்.
ஒரு டிரெய்லருடன் சுமார் 16 மீட்டரில் நிற்கும்.
இரண்டு டிரெய்லர்களுடன் சுமார் 28 மீட்டரில் நிற்கும்.

ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்கில் வைப்பதற்குள் ஒரு விநாடி கழிந்தால், அந்த ஒரு விநாடியில் வண்டி மேலும் 5½ மீட்டர் ஓடிவிடும். வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். அதாவது, இரட்டை டிரெய்லருடன் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஏறத்தாழ 110 மீட்டர் வேண்டும். குறுக்கே ஓடும் சிறுவனோ, திடீரென நின்ற பேருந்தோ அவ்வளவு இடம் தருவதில்லை.

இறக்கத்தில் நிலைமை இன்னும் கடுமையானது. 20 அடிக்கு ஓர் அடி சரியும் பாலத்து இறக்கத்தில், 14 டன் எடையுள்ள இந்த வண்டித்தொடரைக் கீழ்நோக்கித் தள்ளும் விசை 700 கிலோ. பிரேக்கின் பிடிப்பு 800 கிலோ என்றால், எஞ்சியிருப்பது 100 கிலோ மட்டுமே. சாலையில் சேறோ மணலோ இருந்தால் பிடிப்பு பாதியாகிவிடும். அப்போது சக்கரம் பூட்டிக்கொண்டாலும் வண்டி நிற்காது. பின்னால் வரும் பாரம் டிராக்டரை முன்னே தள்ளிப் பக்கவாட்டில் மடக்கிப் போடும்.

பின்பாரம் எங்கே விழுகிறது?

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் பற்றிச் சொல்லத் தேவையில்லை. முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கும். இரண்டு சக்கர டிரெய்லரும் அப்படியே. அதன் பாரத்தில் ஒரு பகுதி டிராக்டரின் கொக்கியில் அழுந்த வேண்டும். அந்த அழுத்தமே பின்சக்கரங்களுக்குப் பிடிப்பையும், டிரெய்லருக்கு ஆட்டமில்லாத ஓட்டத்தையும் தருகிறது.

இந்த டிரெய்லரின் வாலில் இன்னொரு இரண்டு சக்கர டிரெய்லரை மாட்டினால், இரண்டாவதின் முன்பாரம் முதலாவதின் வாலில் விழுகிறது. கிணற்று ஏற்றத்தில் துலாவின் ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை உயர்வதுபோல, முதல் டிரெய்லரின் முன்பக்கம் மேலே தூக்கப்படுகிறது. முதல் டிரெய்லரின் இருசிலிருந்து வால் கொக்கி 4 அடியிலும், டிராக்டர் கொக்கி 8 அடியிலும் இருப்பதாகக் கொள்வோம். வாலில் 500 கிலோ அழுந்தினால், டிராக்டர் கொக்கியில் 250 கிலோ அழுத்தம் குறையும். அதே நேரத்தில் முதல் டிரெய்லரின் இருசின்மேல் 750 கிலோ பாரம் கூடும். பிடிப்பு வேண்டிய இடத்தில் எடை குறைகிறது. ஏற்கெனவே பாரம் தாங்கும் இருசிலும் டயரிலும் எடை ஏறுகிறது. சாலையில் இரட்டை டிரெய்லர் பாம்புபோல் நெளிந்து போவதற்கும், டயர் வெடிப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

அமெரிக்காவிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே வீட்டு வசதிகள் கொண்ட பெரிய டிரெய்லரைச் சிறு லாரியில் இழுத்துக்கொண்டு, அதன் பின்னால் படகு டிரெய்லரையும் மாட்டிச் சுற்றுலா செல்கிறார்கள். சில மாநிலங்கள் இதை அனுமதிக்கின்றன, சில தடுக்கின்றன. மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் சட்டம் அனுமதித்தாலும், முதல் டிரெய்லர் 'ஐந்தாம் சக்கரம்' எனப்படும் இணைப்பு உடையதாக இருக்க வேண்டும். அவ்விணைப்பில் டிரெய்லரின் முன்பாரம் லாரியின் வாலில் விழாமல், பின் இருசுக்கு மேலேயே அமர்கிறது. கன்டெய்னர் லாரிகளில் நாம் காணும் இணைப்பும் இதுவே. நம் டிராக்டரில் இந்த வசதி இல்லை. கொக்கி பின் இருசுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஆகவே நமக்கு எச்சரிக்கை மேலும் தேவை.

கடைப்பிடிக்க வேண்டியவை

ஒரு டிரெய்லரில் இரண்டு நடை செல்வதே பாதுகாப்பு. தவிர்க்க முடியாமல் இரண்டைப் பூட்ட நேர்ந்தால் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. இரண்டாவதாகப் பூட்டுவது, முன்னிருசு திரும்பக்கூடிய நான்கு சக்கர டிரெய்லராக இருக்கட்டும். அது தன் பாரத்தைத் தானே தாங்கும். முன்னதன் வாலில் ஏற்றாது.

2. பாரம் மிகுந்த டிரெய்லர் முன்னே, குறைந்தது பின்னே. இரண்டிலும் வழக்கமான பாரத்தைவிடக் குறைத்தே ஏற்ற வேண்டும்.

3. கொக்கியை டிராக்டரின் கீழ் இழுவைத் தண்டில் மட்டுமே மாட்ட வேண்டும். உயரமான இடத்தில் மாட்டினால் டிராக்டரின் முன்சக்கரம் தூக்கிக் கவிழும்.

4. கொக்கிப் பின் எகிறிக் கழலாதபடி பூட்டுக் கம்பி போட வேண்டும். ஒவ்வோர் இணைப்புக்கும் தனியாகப் பாதுகாப்புச் சங்கிலி வேண்டும்.

5. வயலில் பயன்படும் இடது, வலது பிரேக் மிதிகளைச் சாலைக்கு வருமுன் ஒன்றாகப் பூட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமாகச் சுழன்றுவிடும்.

6. ஏற்றத்தில் எந்தக் கியரோ, இறக்கத்திலும் அதே கியர். இறங்கத் தொடங்குமுன்பே கியரை மாற்ற வேண்டும். நியூட்ரலில் விடுவதும் கிளட்சை மிதிப்பதும் கூடாது.

7. திருப்பங்களில் இரண்டாவது டிரெய்லர் முன்னதைவிட உட்பக்கமாக ஒதுங்கி வரும். தெருமுனையில் நிற்பவர்களை மனத்தில் வைத்து அகலமாகத் திரும்ப வேண்டும்.

8. இரட்டை டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டுவது ஏறத்தாழ இயலாத காரியம். வயலிலிருந்து ஒவ்வொரு டிரெய்லராகச் சாலைக்குக் கொண்டுவந்து, அங்கே சமதரையில் பூட்டுவதே முறை.

9. தொங்கும் கரும்பு பின்விளக்கை மறைக்கக் கூடாது. ஒளி பிரதிபலிக்கும் பட்டைகளை இரண்டு டிரெய்லர்களிலும், பின்புறமும் பக்கவாட்டிலும் ஒட்ட வேண்டும். இருட்டியபின் ஓட்டாமல் இருப்பது அதனினும் மேல்.

10. இழுவைத் தண்டின்மேலோ டிரெய்லர்களுக்கு நடுவிலோ எவரும் உட்காரக் கூடாது. வெட்டாட்கள் வேறு வண்டியில் வரட்டும்.

சட்டமும் காப்புறுதியும்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி டிரெய்லரும் தனியே பதிவு செய்யப்பட வேண்டிய ஒன்று. இரண்டாவது டிரெய்லருக்கும் பதிவு எண் வேண்டும். அளவுக்கு மிஞ்சிய பாரத்துக்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் விதிக்கிறது. இரண்டு நடையை ஒன்றாக்கி மிச்சம் பிடித்த டீசல் காசு இதற்கு எந்த மூலைக்கு? டிராக்டரின் காப்புறுதிப் பத்திரத்தில் இரண்டு டிரெய்லர்களின் எண்களும் இடம்பெற்றுள்ளனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் விபத்தின்போது இழப்பீட்டுச் சுமை உரிமையாளரின் தலையில் விழக்கூடும். எத்தனை டிரெய்லர்களை இணைக்கலாம் என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு அறிதல் நலம்.

வாடகைக்கு வண்டி பிடிப்பவர் கவனத்துக்கு

சிறு விவசாயிகளில் பெரும்பாலோர் வாடகை வண்டியையே நம்பியுள்ளனர். "வண்டி அவருடையது, நமக்கென்ன" என்று இருந்துவிடலாகாது. வண்டி கவிழ்ந்தால் சாலையில் சிதறிக் காய்வது விவசாயியின் ஓராண்டு உழைப்பு. ஆகவே பாரம் ஏற்றுமுன், பிரேக் மிதிகள் இரண்டும் ஒருசேரப் பிடிக்கின்றனவா, பின்னுக்குப் பூட்டு உண்டா, டயர்கள் தேய்ந்துள்ளனவா, பின்விளக்கு எரிகிறதா, வழியில் எத்தனை பாலத்து இறக்கங்கள் உள்ளன என்று ஓட்டுநரிடம் கேட்க வேண்டும். வழியில் செங்குத்தான இறக்கமோ சந்தைக்கூட்டமோ இருந்தால், ஒற்றை டிரெய்லர்தான் என்று உறுதியாகச் சொல்லிவிட வேண்டும்.

வெட்டு உத்தரவு ஒரே வாரத்தில் வரும் அண்டை விவசாயிகள் முன்கூட்டியே கலந்து பேசி, ஒரு டிராக்டரை இரு நாட்களுக்குச் சேர்ந்து அமர்த்திக்கொண்டால் ஒற்றை டிரெய்லரிலேயே நடைகள் தடையின்றி ஓடும். ஒரு டிரெய்லரில் கரும்பு ஏற்றும்போது மற்றது ஆலையில் இருக்கும். டிராக்டரும் சும்மா நிற்காது. வெட்டிய கரும்பும் வயலில் காயாது.