ஓர் எழுத்தும் மூன்று இலக்கங்களும்

காலை வேளையில் ஒருகொடவத்தைச் சந்தியில் சிறிது நேரம் நின்று பார்த்தவர்களுக்குக் கொழும்பு மாநகரின் அவசரம் எத்தகையது என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு புறம் பேஸ்லைன் வீதி. மறுபுறம் அவிசாவளையை நோக்கிச் செல்லும் வீதி. 2021ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட புதிய களனிப் பாலத்தின் கிளையொன்றும் இப்பக்கமே வந்து இறங்குகிறது. துறைமுகத்துக் கொள்கலன்களைச் சுமந்த நெடிய லொறிகள், பஸ் வண்டிகள், முச்சக்கர வண்டிகள் ஆகியவற்றிடையே, கிடைத்த இடைவெளியில் புகுந்து செல்கின்றன ஸ்கூட்டர்கள். முன்னே அண்ணன், பின்னே பாடசாலைக்குச் செல்லும் தங்கை. சுற்றிலும் இரும்புச் சுவர்கள் நகர்ந்துகொண்டிருக்க, அவர்களுக்குத் துணையாயிருப்பது தலையில் அணிந்த கவசம் ஒன்றே.

இத்தகைய அண்ணனும் தங்கையும் ஒரு நாள் லொறியொன்றினால் மோதுண்டு வீழ்ந்தார்கள் என்று ஓர் உதாரணத்துக்காக வைத்துக்கொள்வோம். அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு நடுவில் முறிந்தது. தங்கைக்குத் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டது. சிகிச்சை முடிந்து இருவரும் வீடு திரும்பிய பின்னர், வைத்தியசாலையின் பதிவறையில் அண்ணனின் ஏட்டில் “எஸ் 82.2, வி 24.4” என்றும், தங்கையின் ஏட்டில் “எஸ் 06.0, வி 24.5” என்றும் குறிக்கப்படுகின்றன. ஒரு குடும்பத்தையே கலங்கச் செய்த அந்நாளின் கதை முழுவதும் இச்சிறு குறிகளுள் அடங்கிவிட்டது! இவை என்ன பாஷை? யார் வகுத்தவை?

உலகம் முழுவதற்கும் ஒரே பட்டியல்

1893ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் கூடிய புள்ளிவிபர அறிஞர்களின் முன்னிலையில், பாரிஸ் நகரத்து ஜாக் பெர்ட்டியோன் என்பவர் மரணத்தின் காரணங்களை வகைப்படுத்திய பட்டியலொன்றைச் சமர்ப்பித்தார். ஒரு நாட்டில் ஒரு பெயராலும் பிறிதொரு நாட்டில் வேறொரு பெயராலும் வழங்கும் நோய்களை எவ்வாறு ஒப்பிடுவது என்ற கவலையிலிருந்து பிறந்த பட்டியல் அது. 1948ஆம் ஆண்டில் அதன் ஆறாவது திருத்தத்தை உலக சுகாதார நிறுவனம் ஏற்று நடத்தியபோது, மரணங்களோடு நோய்களும் காயங்களும் அதில் இடம்பெற்றன. பத்தாவது திருத்தம் 1990இல் அங்கீகாரம் பெற்றது. இலங்கைச் சுகாதார அமைச்சின் ஆண்டறிக்கைகள் அதனைத் தழுவியே நோய்களை வகுத்து வந்துள்ளன. பதினொராவது திருத்தம் 2022 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் குறியீடுகளின் அமைப்பு வேறு. இங்கு நாம் காண்பது பத்தாவது திருத்தத்தின் முறையாகும்.

இம்முறையில் ஒரு காயத்துக்கு இரண்டு குறியீடுகள் உண்டு. “எஸ்” என்னும் எழுத்தில் தொடங்குவது, உடலில் எது சிதைந்தது என்பதைக் கூறும். “வி” என்னும் எழுத்தில் தொடங்குவது, அது எவ்வாறு சிதைந்தது என்பதைக் கூறும். ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் இங்கே ஒரே இனம். அவற்றில் சென்றோருக்கு 20 முதல் 29 வரையிலான எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. மற்றொரு மோட்டார் சைக்கிளோ முச்சக்கர வண்டியோ மோதினால் 22. கார் அல்லது வான் மோதினால் 23. லொறி அல்லது பஸ் மோதினால் 24. எதனோடும் மோதாமல் சறுக்கி வீழ்ந்தால் 28.

புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கமும் பொருளற்றதன்று. பொது வீதியில் வண்டியை ஓட்டியவருக்கு 4. பின்னால் அமர்ந்து சென்றவருக்கு 5. அதே லொறி, வீதியிலன்றிக் கொள்கலன் முற்றத்தின் உள்ளே வைத்து ஸ்கூட்டர் ஓட்டியவரை மோதியிருந்தால் அந்த இலக்கம் 0 ஆகிவிடும்.

எண்ணியதால் பிழைத்த உயிர்கள்

“எலும்பைப் பொருத்தினாற் போதாதா? இந்த எண்கள் எதற்கு?” என்று சிலர் வினவலாம். அதற்கு விடையாக ஒரு வரலாறு உண்டு.

1935ஆம் ஆண்டு மே மாதத்தில், அரேபியப் போர்க்களத்தில் புகழ்பெற்ற லோரன்ஸ் என்பவர், இங்கிலாந்தின் கிராமப் பாதையொன்றில் சைக்கிளில் வந்த இரு சிறுவர்களைத் தவிர்க்க முயன்று மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டார். அவர் தலையில் கவசம் இல்லை. ஆறு நாட்களின் பின் உயிர் பிரிந்தது. அவரைப் பரிசோதித்த வைத்தியர்களுள் ஒருவர் அவுஸ்திரேலியாவிற் பிறந்த மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹியூ கெயன்ஸ். யுத்தம் மூண்டதன் பின் அவர் கணக்கெடுக்கத் தொடங்கினார். யுத்தத்தின் முதல் 21 மாதங்களில் பிரித்தானிய வீதிகளில் மோட்டார் சைக்கிளிற் சென்று மாண்டோர் 2279 பேர். கவசம் அணிந்திருந்தும் தலையில் அடிபட்டோராக அவர் காண நேர்ந்தவர்களோ எழுவர் மட்டுமே. அவர்களுள் ஒருவரும் மாளவில்லை. இவற்றை அவர் 1941இல் வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரிலேயே இராணுவ மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. பிரித்தானியப் பொதுமக்களுக்கு அச்சட்டம் வர 1973ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எண்ணிப் பார்த்ததனாலன்றோ உண்மை புலப்பட்டது! ஒரு சந்தியில் 24 மிகுந்தால் கனரக வாகனங்கள் திரும்பும் ஒழுங்கைச் சீர்செய்ய வேண்டும். 28 மிகுந்தால் வீதியிற் குழியோ மணலோ உண்டா என்று தேட வேண்டும். பின்னிருக்கையைக் குறிக்கும் 5 தலைக்காயத்தோடு சேர்ந்து வந்தால், பின்னால் அமர்ந்தவர் கவசம் அணிந்திருந்தாரா என்று கேட்க வேண்டும்.

நம் வாயிற் பிறக்கும் எண்

ஆனால், இந்த எண் பதிவறையிலே பிறப்பதில்லை. வைத்தியர் எழுதி வைத்ததையே அங்கு குறியீடாக மாற்றுவர். வைத்தியர் எழுதுவதோ நாம் சொல்வதை.

நம்மவர் பலர் அங்கேதான் தடுமாறுகின்றனர். ஓட்டியவனுக்கு அனுமதிப்பத்திரம் இல்லை. பின்னாலிருந்தவளிடம் தலைக்கவசம் இல்லை. பொலிஸ் விசாரணை வருமோ என்ற பயம். ஆகவே, “சறுக்கி விழுந்துவிட்டான்” என்று சுருக்கமாய்ச் சொல்லி விடுகிறார்கள். உடனே 24, 28 ஆகி விடுகிறது. லொறி ஏட்டிலிருந்தே மறைந்து விடுகிறது. வெறுமனே “வாகன விபத்து” என்று கூறினாலோ, வி 89.2 என்ற பொதுக் குறியீட்டுள் எல்லாம் கலந்து போகின்றன.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. தானாகச் சறுக்கியவனுக்கும் கனரக வாகனம் மோதியவனுக்கும் உடலினுள்ளே நேரக்கூடிய கேடு ஒன்றன்று. மோதிய வேகத்தை அறிந்தால், வெளியே காயமில்லாத வயிற்றையும் மார்பையும் வைத்தியர் ஐயத்தோடு சோதிப்பார். மறைத்த ஒரு சொல் அவரது கண்ணை மறைத்துவிடக்கூடும்.

குறியீடு எவரையும் குற்றவாளியாக்குவதில்லை. தவறு லொறிக்காரனுடையதா, ஸ்கூட்டர்காரனுடையதா என்று சொல்ல அதில் இலக்கமே இல்லை. ஆதலால், துயரமான அவ்வேளை என்றேனும் வந்தால், எதில் சென்றார், ஓட்டினாரா பின்னால் இருந்தாரா, எது மோதியது, எங்கே மோதியது, கவசம் இருந்ததா என்னும் ஐந்தையும் உள்ளபடி சொல்லுங்கள். மாணவ மாணவியரே, பதறி நிற்கும் பெற்றோருக்குப் பக்கத்தில் நின்று இதனை எடுத்துச் சொல்லும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நாளைக் காலையும் அதே சந்தியில் லொறிகளுக்கிடையே ஓர் அண்ணனும் தங்கையும் செல்வார்கள். அவர்களுடைய பாதையைச் செப்பனிடப் போவது, நேற்று வீழ்ந்தவர்களைப் பற்றி நாம் கூறிய உண்மையே.