பச்சைக்கொடி என்றாலே பாகிஸ்தானா? திருச்சுழிக்காரர்களுக்குப் பழகிப்போன ஒரு கொடியின் கதை

தேர்தல் வந்தாலும் சரி, எல்லையில் பதற்றம் வந்தாலும் சரி, ஒரு போட்டோ தவறாமல் வாட்ஸ்அப்பில் வந்து விழும். பச்சைக்கொடி, அதில் வெள்ளைப் பிறை, ஒரு நட்சத்திரம், சுற்றிலும் பெரிய கூட்டம். கீழே, ‘நம்ம நாட்டுக்குள்ளயே பாகிஸ்தான் கொடி! உண்மையான இந்தியன்னா பத்து பேருக்கு அனுப்பு’ என்கிற ரகத்தில் இரண்டு வரி.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்திலிருந்து கிளம்பி சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இது பெரும்பாலும் குடும்ப குரூப்பில்தான் வரும். அனுப்பியவர் பெரியப்பாவாகவே இருப்பார். ‘பெரியப்பா, இது பொய்’ என்று போட்டால், ‘அப்ப உனக்கு நாட்டுப்பற்று இல்லையாப்பா?’ என்று பதில் வரும். எரிச்சல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தகவல் சரியா என்று கேட்டால், கேட்டவரின் தேசபக்தியைச் சோதிக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பச்சைக்கொடி திருச்சுழிக்கு ஒன்றும் புதிதில்லை.

எப்படி?

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் ஒரே விருதுநகர் மாவட்டம்தான். ஆனால் எம்.பி. தேர்தல் என்று வந்தால் வழி பிரிந்துவிடும். அருப்புக்கோட்டை விருதுநகர் தொகுதிக்குப் போகும். காரியாபட்டி, நரிக்குடி வட்டாரங்களையும் சேர்த்த திருச்சுழி சட்டமன்றத் தொகுதி ராமநாதபுரம் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வரும். அந்தத் தொகுதியில் 2019, 2024 இரண்டு தேர்தலிலும் திமுக கூட்டணி வேட்பாளராக ஏணிச் சின்னத்தில் நின்று ஜெயித்தவர் நவாஸ் கனி. அவருடைய கட்சி இந்திய யூனியன் முஸ்லிம் லீக். பெயரிலேயே ‘இந்திய யூனியன்’ இருக்கிற அந்தக் கட்சியின் கொடியைத்தான் பாகிஸ்தான் கொடி என்று சுற்றவிடுகிறார்கள். 2024இல் அவர் ஓ.பன்னீர்செல்வத்தை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் தோற்கடித்தார். ரமண மகரிஷி பிறந்த ஊரும் அந்தத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. பிரசாரம் முடிந்ததும் ஜனங்கள் கொடியை மறந்துவிட்டு, மழை எப்போது வரும் என்று பார்க்கப் போய்விட்டார்கள்.

கொடியில் என்ன வித்தியாசம்?

கண்ணாலேயே பார்த்துவிடலாம். பாகிஸ்தான் கொடியில் கம்பத்தை ஒட்டிச் செங்குத்தாக ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும், கொடியில் கால்வாசி அகலத்துக்கு. அந்த நாட்டின் சிறுபான்மையினரைக் குறிக்க வைத்தது அது. மீதி கரும்பச்சை, அதன் நடுவில் பிறையும் நட்சத்திரமும். லீக் கொடியில் அந்த வெள்ளைப் பட்டையே கிடையாது. முழுக்கப் பச்சை, பிறையும் நட்சத்திரமும் கம்பத்தை ஒட்டிய மேல்மூலையில் இருக்கும். பிறையும் நட்சத்திரமும் துருக்கி, துனிசியா, மலேசியா கொடிகளிலும் உண்டு. ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு ஏற்றும் கொடியைப் பார்த்து இந்தப் பக்கத்தில் யாரும் பயந்ததில்லை. அங்கே நேர்ந்துகொண்டு போகிறவர்களில் எல்லா மதத்தாரும் இருக்கிறார்கள்.

கட்சி பிறந்ததும் சென்னையில்தான். பிரிவினைக்குப் பிறகு பழைய அகில இந்திய முஸ்லிம் லீக் இரண்டாகிப் போக, இந்தியாவிலேயே இருந்துவிட்டவர்கள் 1948 மார்ச் 10 அன்று இன்றைய ராஜாஜி ஹாலில் கூடித் தொடங்கியது இது. தலைவர் திருநெல்வேலிக்காரரான காயிதே மில்லத் முகமது இஸ்மாயில். அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காக வாதாடியவர் அவர்.

வயநாட்டில் நடந்தது என்ன?

வதந்தி பெரிதாக வெடித்தது 2019 ஏப்ரல் 4 அன்று. வயநாட்டில் ராகுல் காந்தி வேட்புமனு தாக்கல் செய்யப் போனபோது கூட்டணிக் கட்சியான லீக்கின் தொண்டர்கள் கொடியோடு வந்தார்கள். படம் வடக்கே போனதும் ‘பாகிஸ்தான் கொடி’ ஆகிவிட்டது. அப்போது பாஜக தலைவராக இருந்த அமித் ஷாவே, அந்த ஊர்வலம் நடப்பது இந்தியாவிலா பாகிஸ்தானிலா என்று புரியவில்லை என்கிற பொருளில் நாக்பூரில் பேசினார். உண்மை சரிபார்ப்புத் தளங்கள் உடனே மறுத்தன. மறுப்பு எத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இன்றும் அதே படம் வருவதே பதில்.

அதே ஆண்டு ஆகஸ்டில் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில், கல்லூரித் தேர்தல் பிரசாரத்தில் லீக்கின் மாணவர் அமைப்புக் கொடியைப் பிடித்த மாணவர்கள் மேல், பாகிஸ்தான் கொடி காட்டியதாக போலீஸ் வழக்கே போட்டது. வேலை தேடப் போகிற வயதில் ஒரு எஃப்.ஐ.ஆர்.! பாஸ்போர்ட் விசாரணைக்கு போலீஸ் வந்தால் என்ன ஆகும் என்பது ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2024இல் இன்னும் ஒரு படி. வயநாட்டில் ராகுலின் ஊர்வலத்தில் லீக் கொடியும் இல்லை, காங்கிரஸ் கொடியும் இல்லை. பாஜகவுக்குப் பயந்து சொந்தக் கொடியையே மறைத்துவிட்டார்கள் என்று பினராயி விஜயன் கிண்டல் செய்தார். சட்டப்படி பதிவான ஒரு கட்சி, தன் கொடி இல்லாமல் ஓட்டுக் கேட்கிற நிலை. திருச்சுழியில் சாதாரணமாகப் பறந்த அதே கொடி!

ஷேர் செய்தால் கேஸ் வருமா?

வரலாம். மதப் பிரிவினருக்கிடையே பகையைத் தூண்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆவது பிரிவு, பொய்த் தகவலால் அதைச் செய்தால் 353ஆவது பிரிவு. இரண்டிலும் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. குரூப் அட்மினாக இருப்பது மட்டுமே குற்றமாகாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021இல் சொல்லியிருக்கிறது. அனுப்பியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

குரூப்பில் என்ன சொல்வது?

மெசேஜின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2020இலேயே வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்துவிட்டது. ஆனால் ஸ்கிரீன்ஷாட்டுக்கு அம்புக்குறி கிடையாது. படத்தை கூகுள் லென்ஸில் போட்டால் பழைய படமா என்று ஒரு நிமிடத்தில் தெரியும். சந்தேகமிருந்தால் தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம், மத்திய அரசின் பி.ஐ.பி. பக்கங்களில் தேடலாம்.

பெரியப்பாவிடம் குரூப்பில் வாதாடினால் வேலைக்கு ஆகாது. நாலு பேர் முன்னால் அவரும் இறங்கி வரமாட்டார். தனியாக போன் போட்டு, ‘பெரியப்பா, ரெண்டு தேர்தலா நம்ம திருச்சுழிப் பக்கம் ஏணிச் சின்னத்துக்கு ஓட்டு கேட்டு வந்தாங்களே, அந்தக் கொடிதான் இது’ என்றால், அவருக்கே ஞாபகம் வந்துவிடும்.