எந்த எட்டு மணி?

“நாளைக் காலை எட்டு மணிக்குப் படகு” என்று ஒருவர் கூறினால், “எந்த எட்டு மணி?” என்று மற்றவர் திருப்பிக் கேட்பது ஒரு காலத்தில் எங்கள் மூதூர்ப் பக்கத்து வழக்கம். வெளியூரார்க்கு இது நகைப்பாகத் தோன்றலாம். எமக்கோ அது அன்றாடத் தேவையாயிருந்தது.

1996ஆம் ஆண்டில் மழை பொய்த்து, நீர்மின் நிலையங்களுக்குரிய நீர்த்தேக்கங்கள் வற்றின. மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு அரசாங்கம் மே மாதத்தில் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தியது. ஒக்டோபரில் அதிலே அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் இலங்கையில் நேரம் மாற்றப்பட்டதுண்டு. ஆயினும் 1996இன் மாற்றத்தை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் ஏற்கவில்லை. ஆகவே மூதூர் நகரிலே புதிய நேரம். அவர்கள் கைவசமிருந்த காலத்தில், சில கல் தொலைவிலுள்ள சம்பூர்ப் பக்கத்திலே பழைய நேரம். ஒரே கதிரவன், ஒரே கொட்டியாரக் குடா, இரண்டு மணி! 2006 ஏப்பிரலில் நாடு பழைய நேரத்துக்கே திரும்பும் வரை இந்நிலை நீடித்தது.

இப்பழங்கதையை எனக்கு நினைவூட்டியவள் என் முன்னாள் மாணவி ஒருத்தி. கணினிக் கல்வி முடித்த அவள், மூதூரில் தன் வீட்டிலிருந்தபடியே அமெரிக்க நிறுவனமொன்றுக்கு வேலை செய்கிறாள். அவளுடைய குழுவிலே பெரும்பாலோர் சான்பிரான்சிஸ்கோவில் இருப்பவர்கள். கூட்டம் நாள்தோறும் “காலை பத்து மணிக்கு”. எந்தப் பத்து மணி? பனிக்காலத்தில் அங்கே காலை பத்தென்றால் இங்கே இரவு பதினொன்றரை. ஊர் உறங்கியபின் அவள் மடிக்கணினியைத் திறப்பாள். மகள் முடிக்கும் வரை தாயாரும் விழித்திருப்பார். இவ்வாறு எட்டு மாதம் கழிந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்தே நான் விசாரித்தேன்.

“மேலாளர் கெட்டவரல்லர், சேர், எனக்கு அது எத்தனை மணி என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை” என்றாள்.

தொலைவிலுள்ளோரைச் சேர்த்து வேலை வாங்குவதில் முதற்குறை இதுவே என்பேன். கூட்டுபவருடைய மணியே எல்லாருடைய மணியாகிவிடுகிறது. பூமி ஒரு மணித்தியாலத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே ஒருவருடைய பகல் மற்றொருவருடைய இரவாவதை எவராலும் தடுக்க இயலாது. அந்த இரவை எப்போதும் ஒருவரே சுமப்பதைத் தடுக்கலாமன்றோ?

எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் இதை ஒருவாறு கற்றுக்கொண்டோம். உறுப்பினர் மூதூரிலும் ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் சிதறியிருக்கின்றனர். கணக்குப் பார்த்தால் எமக்கு மாலை நாலரை மணியே யாவர்க்கும் உகந்தது. ஜனவரியில் அப்போது ரொறொன்ரோவில் காலை ஆறு, இலண்டனில் முற்பகல் பதினொன்று, மெல்பேணில் இரவு பத்து. ரொறொன்ரோக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவார். மெல்பேண்காரர் கொட்டாவி விடுவார். இரண்டையும் பொறுத்துக்கொள்வோம்.

தொல்லை தருவது மார்ச் மாதம். ரொறொன்ரோ அம்மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று மணியை முன்னே தள்ளும். இலண்டன் கடைசி ஞாயிறு வரை காத்திருக்கும். மெல்பேணோ ஏப்பிரல் முதல் ஞாயிறன்று பின்னே இழுக்கும். ஒருமுறை செயலாளர் ஆளற்ற திரையைப் பார்த்து ஒரு மணித்தியாலம் அமர்ந்திருந்தார். (அச்செயலாளர் யானே.) அதன்பின் அழைப்பிலே நான்கு ஊர் மணியையும் எழுதுகிறோம்.

இன்னொன்று: எல்லாவற்றுக்கும் கூட்டம் வேண்டியதில்லை. வைத்தியசாலைத் தாதியர் இரவு முறை முடிந்து போகுமுன், எந்த நோயாளிக்கு என்ன மருந்து கொடுத்தாயிற்று, எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதிவைத்துப் போவதில்லையா? அடுத்து வருபவர் அவரை எழுப்பிக் கேட்பதில்லை. மாணவிக்கு நான் கூறியதும் இதுவே. செய்தது, செய்யாதது, நாளை எவர் முடிவு தேவை என்ற மூன்றையும் மாலையிலேயே எழுதி அனுப்பு; கூடவே உன் ஊர் மணியையும் எழுது என்றேன்.

எழுதினாள். மேலாளர் மறுநாளே மன்னிப்புக் கேட்டு மறுமொழி அனுப்பினாராம். இப்போது கூட்டம் வாரத்துக்கு இரண்டே. ஒரு வாரம் அவர்களுடைய காலையில். மறுவாரம் அவர்களுடைய இரவு ஏழரைக்கு, அதாவது எமக்கு மறுநாட் காலை ஒன்பதுக்கு.

சென்ற மார்ச்சில் அமெரிக்க மணி மாறியபோது, “இனி இரவுக் கூட்டம் பத்தரைக்கே, அம்மா” என்று மகிழ்ச்சியோடு கூறியிருக்கிறாள். தாயார் அடுப்படியிலிருந்தே கேட்டாராம்: “எந்தப் பத்தரை, மகள்? புதிய நேரமோ, பழைய நேரமோ?”