ஏறி இறங்கும் மேசை

ஓரத்திலுள்ள பொத்தானை அழுத்தியதும் கணினி, தண்ணீர் பாட்டில், காகிதக் கட்டு எல்லாவற்றையும் சுமந்தபடி மேசை மெல்ல உயர்கிறது. பத்துப் பன்னிரண்டு நொடிகளில், நிற்பவரின் முழங்கை மட்டத்துக்கு வந்து நின்றுவிடுகிறது. உட்கார்ந்து பாதி அடித்த வரியை நின்றுகொண்டு முடிக்கலாம். நம் ஊர் ஐ.டி. அலுவலகங்களில் இதை ‘ஸ்டாண்டிங் டெஸ்க்’ என்கிறார்கள். அந்தப் பெயர் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. நிற்பதற்கு மட்டும் என்றால் உயரமான பலகை ஒன்று போதுமே! ஏறுவதும் இறங்குவதும்தான் இதன் பயன்.

இதன் கால்களைக் கவனித்துப் பாருங்கள். பழைய ரேடியோவின் ஏரியல்போல, ஒன்றுக்குள் ஒன்று செருகிய எஃகுக் குழாய்கள். உள்ளே செங்குத்தாக ஒரு நீண்ட திருகுத் தண்டு; அதில் கோத்த நட்டு ஒன்று. மோட்டார் தண்டைச் சுழற்ற நட்டு மேலேறுகிறது, நட்டோடு குழாயும் குழாயோடு பலகையும் ஏறுகின்றன. பஞ்சரான காரைத் தூக்கும் திருகு ஜாக்கி வேலை செய்வதும் இப்படித்தான். மின்சாரம் நின்றாலும் மேசை தானாக இறங்கிவிடாது. திருகின் மரைச் சரிவு மிகக் குறைவாக இருப்பதால், மேலிருந்து அழுத்தும் எடையால் தண்டைத் திருப்ப முடிவதில்லை.

இரண்டு கால்களுக்கும் தனித்தனி மோட்டார் என்றால் இன்னொரு சிக்கல் வருகிறது. ஒரு பக்கம் எடை கூடுதலாக இருந்தால் அந்தக் கால் பின்தங்கும், பலகை சாயும். இதைத் தவிர்க்க ஒவ்வொரு மோட்டாரின் சுற்றுகளையும் உணரிகள் எண்ணிக்கொண்டே இருக்கின்றன. ஒன்று பின்தங்கினால் மற்றது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இறங்கும் வழியில் நாற்காலியின் கைப்பிடி தட்டுப்பட்டால் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் சட்டென்று கூடும். அதை உணர்ந்து மேசை நின்று, சற்றே பின்வாங்கும். கையால் சுழற்றி உயர்த்தும் மேசைகளும் உண்டு. மின்சாரம் தேவையில்லை, விலையும் குறைவு. ஆனால் ஒவ்வொரு முறையும் சுற்றச் சலித்துக்கொண்டு ஒரே உயரத்தில் விட்டுவிடுகிறோம்.

சரி, மேசை ஏன் அசைய வேண்டும்? இதற்கு லண்டன் மாடி பஸ்களுக்குப் போக வேண்டும். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் தம் குழுவினரோடு ஏறத்தாழ 31,000 போக்குவரத்து ஊழியர்களை ஆராய்ந்து, 1953-இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார். டிரைவர் நாள் முழுக்க இருக்கையில் இருக்கிறார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஒரு ஷிஃப்ட்டில் 500 முதல் 750 படிகள் வரை ஏறுகிறார். இருவருக்கும் அதே பஸ், அதே தெரு, அதே புகை. ஆனால் இதயநோய் கண்டக்டர்களுக்குக் குறைவாகவே வந்தது. வேலைக்குச் சேரும்போதே டிரைவர்கள் பருத்திருந்தார்களோ என்ற கேள்வியையும் மாரிஸ் விடவில்லை. சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவைத் தேடிப் பார்த்தார். டிரைவர்களுடையது பெரிதாகத்தான் இருந்தது. ஆகவே வித்தியாசம் முழுவதையும் இருக்கையின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் உடல் அசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை உலகம் ஆராயத் தொடங்கியது அந்த பஸ் படிகளிலிருந்துதான்.

நம் கெண்டைக்கால் ஒரு பம்பு. நடக்கும்போது அந்தத் தசை சுருங்கிச் சுருங்கி, பாதத்துக்கு இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகிறது. மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் பம்பு ஓய்ந்து, கால் கனத்து வீங்குகிறது. வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். சும்மா கிடக்கும் தசை அவ்வளவாக எடுக்காது. ஆஸ்திரேலியாவில் டேவிட் டன்ஸ்டன் குழுவினர் 2012-இல் வெளியிட்ட சோதனையில், 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து 2 நிமிடம் மெதுவாக நடந்தாலே உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைந்தது. சர்க்கரை நோய் இத்தனை பரவியிருக்கும் நம் வீடுகளில் எல்லோரும் அறிய வேண்டிய செய்தி இது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நின்றால் உடல் இளைக்கும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். உட்கார்வதைவிட நிற்பதில் நிமிடத்துக்கு 0.15 கலோரிதான் கூடுதலாகச் செலவாகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2018-இல் கணக்கிட்டார்கள். ஆறு மணி நேரம் நின்றால் 54 கலோரி, சுமாராக ஓர் இட்லி. அசையாமல் நிற்பவருக்கும் கெண்டைக்கால் பம்பு சரியாக வேலை செய்யாது. காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும், இடுப்பு கடுக்கும்.

அதனால் அரை மணிக்கு ஒருமுறை நிலையை மாற்றுங்கள். பலகை எந்த உயரத்தில் இருந்தாலும் முழங்கை செங்கோணத்தில் மடங்கட்டும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்கட்டும். நிற்கும்போது முட்டியை விறைக்காமல், சிறு மணையில் ஒரு காலை மாற்றி மாற்றி வையுங்கள். இந்த மேசை இல்லாதவர்களும் போன் வந்தால் எழுந்து நடந்தபடி பேசலாம்.

நின்றே வேலை செய்பவர்களின் கதை வேறு. ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் காலை முதல் இரவு வரை நின்ற பெண்களின் கால்வலிதான் ஒரு சட்டத்துக்கே காரணமாயிற்று. கேரளம் 2018-இல் வழிகாட்டியது. தமிழ்நாடு 2021-இல் தன் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும் என்றது. இருந்தே வேலை செய்பவருக்கு எழ வழி வேண்டும், நின்றே வேலை செய்பவருக்கு உட்கார வழி வேண்டும். பல்லாயிரம் ரூபாய் மேசையைவிடக் கடைப் பணியாளர் உட்கார ஒரு முக்காலிதான் அவசரத் தேவை என்பது என் எண்ணம்.

கடை நடத்துபவர்களே, அந்த முக்காலிகளைக் கிடங்கில் அடுக்கி வைக்காதீர்கள். விற்பனை மேசைக்குப் பின்னால், பணியாளரின் கைக்கு எட்டும் இடத்தில் போடுங்கள். அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் முகம் சுளிக்காதீர்கள்.