பதினாறா, பதினெட்டா?

பழைய 350 சிசி புல்லட்டின் முகப்பில் ஒரு ஸ்பீடோமீட்டர், பக்கத்தில் ஆம்பியர் மீட்டர், ஒரு சாவித் துளை. அவ்வளவுதான். இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள் கிடையாது. மேற்குத் தாம்பரத்திலும் முடிச்சூர் சாலையிலும் இந்த வண்டியைப் பிரித்து மாட்டும் மெக்கானிக்குகளுக்கு அது ஒரு குறையே அல்ல. சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். காது பழகாதவர்களுக்குப் பல்லை எண்ணத் தெரிந்தால் போதும்.

புல்லட்டைச் செய்த என்ஃபீல்டு இந்தியா 1955-ல் சென்னையில் தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் பல்லாண்டு வண்டி பூட்டியபின், 2013-ல் ஒரகடத்தில் புதிய ஆலை வந்தது. தாம்பரத்திலிருந்து படப்பை வழியாகப் போனால் எட்டிவிடும் ஊர். இடையில் வண்டி பலவிதமாக மாறியது. ஆனால் நான்கு கியர் வைத்த பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் வண்டிகள் இந்தப் பக்கத்துச் சாலைகளில் இன்னும் ஓடுகின்றன. கணக்குப் பழக அவற்றைவிட எளிய வண்டி இல்லை.

இன்ஜின் பக்கப் பல்சக்கரத்தில் 25 பல், கிளட்ச் பக்கத்தில் 56 பல். முதல் குறைப்பு 2.24. நாலாவது கியர் நேரடி கியர், அதில் கூடுவதும் இல்லை குறைவதும் இல்லை. அடுத்தது பின்சக்கரத்துச் செயின்: முன் ஸ்பிராக்கெட்டில் 16 பல், பின்னால் 38. அதாவது 2.375. இரண்டையும் பெருக்கினால் 5.32. பின்சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இன்ஜின் ஐந்தேகால் சுற்றுக்குமேல் சுற்றியாக வேண்டும்.

மிச்சம் இருப்பது டயர். 3.25-19 என்று பக்கவாட்டில் எழுதியிருப்பதை வைத்துக் கணக்கிட்டால் சுற்றளவு 2.03 மீட்டர் வரும். ஆனால் ஆள் ஏறி உட்கார்ந்ததும் ரப்பர் அமுங்கும். டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஓட்டுபவர் உட்கார்ந்தபடியே வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டி அளந்தால் கிடைக்கும் எண்தான் நம்பத்தக்கது. கணக்குக்கு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

மணிக்கு 60 கி.மீ. என்பது நிமிடத்துக்குச் சரியாக 1,000 மீட்டர். சக்கரம் 500 சுற்று. அதை 5.32-ஆல் பெருக்கினால் இன்ஜின் 2,660 சுற்று.

முன் ஸ்பிராக்கெட்டை 17 பல்லாக மாற்றினால் அதே வேகத்தில் 2,504. பதினெட்டு என்றால் 2,364. பல்லைக் கூட்டினால் வண்டி இன்னும் பறக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இந்த இன்ஜின் தன் முழுத் திறனான 18 குதிரைத்திறனைத் தருவது 5,625 சுற்றில். பதினாறு பல்லிலேயே அது மணிக்கு 127 கி.மீ. வேகம். எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு அந்த வேகத்தை எட்ட 18 குதிரைத்திறன் போதாது. பதினெட்டு பல் போட்டால் அந்த எண் 142-ஐத் தாண்டுகிறது, அதாவது இன்ஜின் தன் முழுத் திறனிலிருந்து இன்னும் தள்ளிப்போகிறது. கிடைப்பது வேகம் அல்ல. செங்கல்பட்டு தாண்டித் திறந்த சாலையில் 70-ல் போகும்போது அதிர்வு குறையும், இன்ஜின் நிதானமாக ஓடும். அந்த ஆதாயமும் சின்னதல்ல.

ஆனால் தினமும் பெருங்களத்தூரிலும் வண்டலூரிலும் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஊர்கிறவருக்கு அதனால் என்ன பயன்? முதல் கியரும் சேர்ந்தே நீண்டுவிடும். நடை வேகத்தில் கிளட்சை விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும், மேம்பாலத்தில் கியரைக் குறைக்காவிட்டால் இன்ஜின் தட்டும். பெரும்பாலும் ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்குப் பதினாறே சரி. ஆசைக்கு ஒரு பல் கூட்டலாம். இரண்டு வீம்பு.

மாற்றுவதும் லேசான வேலை இல்லை. பின்பக்கத்து 38 பல் பிரேக் டிரம்மோடு சேர்ந்தே இருக்கிறது, அதில் கை வைக்க முடியாது. முன் ஸ்பிராக்கெட்டோ கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இடதுபக்க மூடியைக் கழற்றி, எண்ணெயை வடித்து, கிளட்சை வெளியே எடுத்தால்தான் கண்ணிலேயே படும்.

இத்தனை செய்தும் புல்லட்டின் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்வதில்லை, அதன் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வருவதால். ஆனால் டயரின் அளவை மாற்றினால் ஸ்பீடோமீட்டர் தடுமாறும். மாருதி ஸ்விஃப்டில் விலை குறைந்த வகைக்கு 165/80 ஆர்14, உயர்ந்த வகைக்கு 185/65 ஆர்15. பார்வைக்கு வேறு வேறு சக்கரங்கள். விட்டத்தைக் கணக்கிட்டால் இரண்டும் சுமார் 620 மி.மீ., வித்தியாசம் 2 மி.மீ. கூட இல்லை. கடையில் அகலமாக இருக்கட்டும் என்று 195/65 ஆர்15 வாங்கி மாட்டினால் விட்டம் 634-ஐத் தாண்டும். அப்போது முள் 100-ல் நிற்கும்போது வண்டி, முன்பு போனதைவிட 2 சதவீதம் கூடுதலாகப் போகிறது. ஸ்பீடோமீட்டர் வேகத்தைக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி. அதற்காக நிறுவனங்கள் சற்றுக் கூட்டியே காட்ட வைக்கின்றன. பெரிய டயர் அந்த மிச்சத்தைத்தான் தின்கிறது.

ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி ஓடும் தண்டவாளத்திலும் இதே கணக்குதான். கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். இன்றைய அகலப்பாதை மின்தொடரில் புதுச் சக்கரத்தின் விட்டம் 952 மி.மீ. ஓடி ஓடித் தேயும், தேய்ந்ததைக் கடைந்து சீராக்குவார்கள். 877-க்கு வந்துவிட்டால் கழித்துவிட வேண்டும். அந்தக் கடைசி நிலையில், அதே வேகத்துக்கு மோட்டார் எட்டரை சதவீதம் கூடுதலாகச் சுற்றுகிறது. அதனால் மோட்டார் எவ்வளவு வேகம் தாங்கும் என்று கணக்கிடும் பொறியாளர்கள் புதுச் சக்கரத்தை எடுத்துக்கொள்வதில்லை, தேய்ந்த சக்கரத்தையே எடுத்துக்கொள்கிறார்கள்.

(தொடரும்)